மேலே நான், கீழே அம்மா

தேர்வு முடிந்த கையோடு எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நேரு பிளேசில் ஒரு சின்ன ஆபீஸ். தில்லியில் வாடகை அறை தேடுகிறவர்களுக்காக ஒரு இணையதளம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு ஏரியாவைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அங்கே யார் இருக்கலாம், யாருக்குச் சரிப்படாது, மெட்ரோ எவ்வளவு தூரம், காபிக் கடை உண்டா, பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகு நடக்கலாமா, இதெல்லாம்தான். எனக்கு முதலில் வந்த ஏரியா ஜங்புரா. புதிதாகப் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஜங்புரா பொருந்துமா என்பது கேள்வி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், நல்ல மாதிரி. "ஒரு நாள் போய்ச் சுத்திப் பாத்துட்டு வந்து எழுது. இப்போ எல்லாரும் அங்கதான் ரூம் தேடுறாங்க," என்றாள்.

"நான் பொறந்ததே அங்கதான்," என்றேன்.

"ஜங்புராவிலயா? எந்த பிளாக்?"

"பிளாக் எல்லாம் இல்ல. நாலா ஓரம், மதராசி கேம்ப்."

அப்படி ஒரு இடத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அச்சா, அப்போ உனக்கு ஈசி," என்று சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஈசிதான். பாராபுல்லா சாக்கடையை நாங்கள் நாலா என்போம். அதன் கரையில் எங்கள் ஜுக்கிகள், குடிசை வீடுகள். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்தும் விழுப்புரம் பக்கமிருந்தும் வந்தவர்கள் கட்டியவை. அங்கிருந்து கிளம்பினால், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் ஜங்புராவின் பெரிய வீடுகளுக்குப் போய்விடலாம். அந்த வீடுகளை எங்கள் ஆட்கள் கோட்டி என்பார்கள். கோட்டி வேலை என்றால் அங்கே பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்ப்பது. அம்மா நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே கோட்டி வேலைதான் செய்கிறாள். அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அம்மா, நான், இரண்டு பேர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வேலை செய்யும் கோட்டிக்குப் போய், பின்பக்க இரும்புப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தமிழ்ப் பள்ளியில் படித்ததால்தான் இதைத் தமிழில் எழுத முடிகிறது. கேம்ப்பில் என்னோடு வளர்ந்த பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

எனவே ஜங்புராவைப் பற்றி எழுத எனக்கு ஒரு நாள் சுற்றல் தேவைப்படவில்லை. மரங்கள் அதிகம் என்று எழுதினேன். மார்ச் மாதம் அந்த மரங்கள் கொட்டும் இலையை யார் கூட்டுகிறார்கள் என்று எழுதவில்லை, நான் எழுதும் பக்கத்தில் அதற்கு இடமில்லை. மெட்ரோ பக்கம், பூங்கா உண்டு, புதிதாக நல்ல காபிக் கடைகள் வந்திருக்கின்றன என்று எழுதினேன். அந்தக் காபிக் கடைகளுக்குள் நான் போனதில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான். வீட்டுக்காரர்கள் படித்த பிள்ளைகளுக்கு விரும்பி வாடகைக்கு விடுகிறார்கள் என்றும் எழுதினேன். அது உண்மை என்று அப்போது நம்பினேன்.

அந்தப் பக்கத்தை எழுதி முடித்த அதே வாரத்தில் கேம்ப்பை இடித்தார்கள்.

அதைப் பற்றி நிறையச் சொல்ல என்னால் முடியாது. ஜூன் மாத வெயில். எங்கள் பீரோவையும் கட்டிலையும் சிலிண்டரையும் ரோட்டோரத்தில் போட்டுவிட்டு அதன் மேலேயே அம்மா உட்கார்ந்திருந்தாள். இடிக்கிற வண்டி எங்கள் சுவரைத் தொட்டபோது அம்மா அழவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டபோதுதான் அழுதாள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அரசாங்கத்தின் மாற்று வீடு கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்திருந்தது, நரேலாவில். கொடுத்துவைத்தவர்கள் என்று எங்களைச் சொன்னார்கள்.

நரேலாவும் தில்லியில்தான் இருக்கிறது என்கிறார்கள். ஊர் எல்லையே அதுதான். அங்கிருந்து ஜங்புராவுக்கு ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ், பிறகு மெட்ரோ. சூரியன் வருவதற்கு முன்பே அம்மா கிளம்பிவிடுவாள். அப்படியும் கோட்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ராத்திரிப் பாத்திரம் காலை பத்து மணி வரைக்கும் தொட்டியில் கிடந்தால் எந்த வீட்டுக்காரி பொறுப்பாள்? ஒவ்வொரு வீடாக வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். யாரும் அம்மாவைத் திட்டவில்லை. ஒருத்தி புதுப் புடவை கொடுத்து அனுப்பினாள். மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவிடம் ஒரே ஒரு கோட்டிதான் மிச்சமிருந்தது. அவளுடைய முட்டி வீங்கிவிட்டது. படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவாள்.

"ஜங்புராவுலயே ஒரு ரூம் எடுத்துக்கலாம்டி," என்று அவள்தான் முதலில் சொன்னாள். "நீ படிச்ச புள்ள. ஆபீஸ் போற. ஒனக்குக் குடுப்பாங்க. நான் உன்கூட ஒண்டிக்கறேன். நடந்து போயி நாலு வூடு புடிச்சிருவேன்."

ஒண்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யோசனை சரியானது. எனக்கு ஆபீசுக்கு மெட்ரோ, அவளுக்கு நடக்கிற தூரத்தில் வேலை, ராத்திரி ஒரே கூரை. நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

தரகர் ஒரு ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனுஷர். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே செய்த ஏரியா இது என்றார். அவருடைய வரிகள் நான் எழுதிய பக்கத்தில் இருந்த வரிகள்தான், ஹிந்தியில். ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி கேட்டார்கள். மதராசியா? மீன் சமைப்பாயா? ஆண் பிள்ளைகள் வந்து போவார்களா? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அம்மாவும் கூட இருப்பார் என்றதும் முகம் இன்னும் மலரும். அம்மா கூட இருக்கும் பெண் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அடுத்த கேள்வியில்தான் எல்லாம் நிற்கும். அம்மா என்ன செய்கிறார்?

வீட்டில் சும்மா இருக்கிறார் என்று சொல்லச் சொல்லி அம்மா என்னை வழியெல்லாம் பழக்கியிருந்தாள். வாய் வரவில்லை. இதே தெருவில் கோட்டி வேலை செய்கிறார் என்று சொன்னேன். சொன்னால் என்ன? அவர்கள் ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், கேட் வரைக்கும் வருவார்கள். நாலைந்து வீடு இப்படி ஆனதும் தரகர் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு, "பேட்டா, உனக்கு மட்டும்னு கேளு. நாளைக்கே சாவி வாங்கித் தரேன்," என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாடி அறையைப் பார்க்கப் போனோம். மொட்டை மாடியில் ஒற்றையாகக் கட்டியிருக்கும் அறையைத் தில்லியில் பர்சாத்தி என்பார்கள். முன்னெல்லாம் வேண்டாத சாமான் போட்டுவைத்த அறைகள், இப்போது அவற்றுக்குத்தான் அடிதடி. வெள்ளையடித்து, ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் பூசி, வாசலில் ரெண்டு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். வேப்பமரத்தின் உச்சி மாடிச் சுவருக்கு நேராக நின்றது. எனக்கு அந்த அறையை விட்டு வரவே மனமில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், கணவர் இல்லை. கீழே அவர், முதல் மாடியில் வேலைக்குப் போகும் ரெண்டு பெண்கள், இரண்டாம் மாடியில் ஒரு பையன். எல்லாரும் என் வயதுக்காரர்கள். எங்களைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து அவரே டீ போட்டார். அந்த வீட்டில் அவர் என் அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என்ன படித்தாய், என்ன புத்தகம் பிடிக்கும் என்றெல்லாம் என்னிடம்தான் பேசினார். கேட்கவே மாட்டார் போலிருக்கிறது என்று எனக்கு நெஞ்சு லேசாக ஆரம்பித்த நேரத்தில் அம்மா எழுந்தாள். மூன்று டீக் கிளாசையும் எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போய்க் கழுவினாள். கழுவி, கவிழ்த்து, அங்கே கிடந்த துணியைப் பிழிந்து கல்மேடையைத் துடைத்தாள். டீ வடிகட்டியைத் தட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த மாதிரி ஒரு சமையலறைக்குள் அவள் வேறு எதற்கும் போனதே கிடையாது.

வீட்டுக்காரம்மா சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, சந்தோஷச் சிரிப்பு. எங்கே வேலை செய்கிறாய், எத்தனை வருஷமாக, யார் வீட்டில் என்று அம்மாவிடம் விசாரித்தார். அவருக்குத் தெரிந்த வீடுகள்தான் எல்லாம். பிறகு என்னைப் பார்த்து, "நீ மேலே இரு. உன் அம்மா பின்னால் இருக்கும் குவார்ட்டரில் இருக்கட்டும். என் ஆள் ஊருக்குப் போய்விட்டாள், நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லாருக்கும் சவுகரியம்," என்றார்.

குவார்ட்டர் என்றால் வேலைக்காரர்களுக்கான அறை. இங்கே பெரிய வீடுகளின் பின்புறத்தில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். வாடகை கிடையாது, அதற்குப் பதில் அந்த வீட்டு வேலை முழுக்கப் பார்க்க வேண்டும். அம்மா அந்தக் கணமே சரி என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கேம்ப் போன பிறகு நான் பார்த்ததில்லை.

மெட்ரோவுக்கு நடக்கும்போது நடுரோட்டில் சண்டை போட்டேன். "நான் ரூமுக்கு வாடக குடுத்துக்கிட்டு மேல இருக்கணும், நீ கீழ அவங்களுக்கு வேலக்காரியா இருக்கணும், இதுக்குப் பேரு ஒண்ணா இருக்கறதா?"

"பின்ன இன்னாடி? ஒரே வூடு. ஒரே கேட்டு. நீ கூப்ட்டா எனுக்குக் கேக்கும். நரேலாவுல இருந்துக்குனு நீ எத்தினி கத்து கத்துனாலும் எனுக்குக் கேக்குமா?"

"நீ என்னோட இருக்கணும்மா. மேல. என் ரூம்ல."

"ஒன் ரூம்ல இருக்கற அம்மாவுக்கு யாருடி இந்தத் தெருவுல வேல குடுப்பாங்க? மாடியில குடியிருக்கறவ வந்து பாத்திரம் தேய்க்கறேன்னா சிரிப்பாங்க. ஒண்ணு குடித்தனம் இருக்கணும், இல்ல வேல செய்யணும். ரெண்டும் நடக்காது." பிறகு நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "இன்னொன்னு. மேல இருக்கற புள்ளைங்ககிட்ட நான் உன் ஆத்தான்னு சொல்லிக்காத. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா போதும், அதுகிட்டயும் சொல்லிவெக்கறேன். உன்னயும் வேலக்காரி மவளுன்னு ஒரு மாதிரியா பாப்பாங்க. அப்புறம் உன் படிப்பு எதுக்கு?"

முடியாது என்றேன். முடியாதென்றால் நான் நரேலாவிலேயே கிடக்கிறேன் என்றாள். வீங்கிய அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனை நேரம் வீம்பு பிடிக்க முடியும்? அடுத்த வாரம் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தோம். என் பெட்டி முன்படி வழியாகப் போனது, அம்மாவின் மூட்டை பின்பக்கம் போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வந்த ரெண்டு மாதமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். விடிவதற்கு முன் அம்மா பின்பக்க இரும்புப் படியில் மெதுவாக ஏறி வருவாள். எவர்சில்வர் டம்ளரில் காபி. கதவைச் சாத்திவிட்டு என் ரஜாய்ப் போர்வைக்குள் காலை நுழைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்காருவாள். அவள் பாதம் பனிக்கட்டியாக இருக்கும், நான் அலறுவேன், வாயைப் பொத்துவாள். ஊர்க் கதை, கேம்ப் கதை, நேற்று அந்தம்மா போனில் தங்கையோடு போட்ட சண்டை, எல்லாம் கிசுகிசுப்பாகவே பேசுவோம். இரண்டாம் மாடிப் பையனின் அலாரம் அடித்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். பிறகு நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவள் கேட் பக்கம் பெருக்கிக்கொண்டிருப்பாள். தலையைத் தூக்க மாட்டாள். நானும் நடந்துவிடுவேன். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

எல்லா அறைகளையும் பெருக்கித் துடைப்பது வாடகையோடு சேர்ந்தது. அதனால் அம்மாதான் எல்லார் அறைக்கும் போவாள். முதல் மாடிப் பெண்களில் ஒருத்தி எனக்கு நல்ல சிநேகிதியாகிவிட்டாள். எங்களுக்குள் சாப்பாடு பகிர்ந்துகொள்வதும் மெட்ரோவில் சேர்ந்து போவதும் வழக்கமானது. ஒரு நாள் மெட்ரோவில் அவள், "புதுசா வந்த அம்மா கட்டிலுக்கு அடியில தொடைக்கறதே இல்ல, கவனிச்சியா? வீட்டுக்கார ஆன்ட்டிகிட்ட சொல்லணும்," என்றாள். அவள் கெட்டவள் இல்லை. ஒரு குடித்தனக்காரி இன்னொரு குடித்தனக்காரியிடம் சொல்வதைத்தான் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் துடைக்க வேண்டுமென்றால் முட்டியை மடிக்க வேண்டும். நான் ரயில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று ஆபீசில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் போய், போதும், நான் எல்லாரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்றவள் கும்பிட்டால் என்ன செய்ய முடியும்?

ஜனவரியில் பல நாள் பனிமூட்டத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் வந்தது. தில்லியில் அப்படி ஒரு வெயில் வந்தால் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். வீட்டுக்காரம்மா எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டார். என் அறை வாசலில் நாற்காலிகள், பாய், வேர்க்கடலை, கின்னோ ஆரஞ்சு. முதல் மாடிப் பெண்கள் வந்தார்கள், பையன் வந்தான், அவனுடைய சிநேகிதன் ஒருவனும் வந்தான். ஜங்புராவில் கிடைத்ததே நம் அதிர்ஷ்டம் என்று யாரோ சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைவிட நல்ல இடம் எங்கே என்று வீட்டுக்காரம்மாவும் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த வெயிலில் அது எனக்கும் உண்மையாகத்தான் பட்டது.

அம்மா முள்ளங்கிப் பராட்டாவும் டீயும் தட்டில் வைத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறி வந்தாள். ஒவ்வொருவருக்காகக் குனிந்து நீட்டினாள். என் முன்னால் வந்தபோது மற்றவர்களிடம் நின்ற அதே தூரத்தில் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு, தட்டை நீட்டி, "சாய் லீஜியே, தீதி," என்றாள்.

டீ எடுத்துக்கோங்க அக்கா, என்று என்னைப் பெற்றவள் என்னிடம் சொன்னாள். மரியாதை விகுதியோடு, ஹிந்தியில். அதில் நடிப்புகூட இல்லை. அத்தனை வருஷம் அத்தனை வீட்டில் சொன்ன பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, நீ உக்காரும்மா," என்றேன். எழுந்து என் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அம்மா என்ற சொல் தெரியாதவர்கள் யார்? கடலை உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது. என் சிநேகிதி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. அம்மா உட்காரவில்லை. "உட்கார், உட்கார். உன் பெண்தானே சொல்கிறாள்," என்று வீட்டுக்காரம்மா அன்பாகத்தான் சொன்னார். அம்மா தட்டைப் பாயின் மேல் வைத்துவிட்டு, இரும்புப் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. அம்மாவும் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நானோ அவளோ நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

யாரும் எங்களைத் தாழ்வாகப் பார்க்கவில்லை. அதுதான் விஷயமே. மறுநாள் அம்மா முதல் மாடிக்குப் பெருக்கப் போனபோது என் சிநேகிதி படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து நின்றாள். துடைப்பத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, நானே பண்ணிக்கறேன்." இரண்டாம் மாடிப் பையன் தன் எச்சில் தட்டுகளைத் தானே கழுவி வெளியே கவிழ்த்து வைத்தான். அவன் அறைக் கதவைத் தட்டினால் இன்று வேண்டாம் ஆன்ட்டி என்று உள்ளேயிருந்தே சொன்னான். வீட்டுக்காரம்மா பெரிய பாத்திரங்களை அம்மா வருவதற்குள் தேய்த்துவிடுவார். தேய்க்கும்போது மூச்சு வாங்குவார், அம்மா கேட்டால் பரவாயில்லை என்பார். முன்பு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுகிறவர், இப்போது கூப்பிடத் தயங்கினார். அம்மா எல்லார் அறை வாசலிலும் துடைப்பத்தோடு போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. குவார்ட்டரில் தன் புடவைகளை மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "எல்லாம் தங்கமான புள்ளைங்க. ஆனா நான் குனிஞ்சா அவுங்க எந்திரிச்சு நிக்கறாங்க. எந்திரிச்சு நிக்கறவங்க வூட்ல நான் எப்பிடிடி வேல செய்யிறது? வேல செய்யாம இந்த ரூம்ல எப்பிடி இருக்கறது?"

"மேல வந்துடும்மா. நான் சம்பாதிக்கறேன்ல."

"அந்தம்மா எதிர்ல நான் குடித்தனக்காரியா மாடியேறிப் போவணுமா?" என்று சிரித்தாள். "அதுக்கும் சங்கட்டம், எனுக்கும் சங்கட்டம். வேற வூட்ல வேல செய்யலாம்னா, தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. நரேலாவுல நம்ம பக்கத்து பிளாக்குல ஒரு பொம்பள செருப்பு ஃபேக்டரிக்குப் போவுது. உக்காந்துக்குனே பச தடவுற வேல. முட்டிக்கு நல்லது. அங்க என்னை யாருக்கும் தெரியாது."

இதற்கு முன்னால் அம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசியிருக்கிறேன். இந்தத் தடவை அவள் மடித்துக் கொடுத்த புடவைகளை வாங்கி மூட்டையில் அடுக்கினேன். பெற்றவளை அம்மா என்று கூப்பிட்டேன், அவள் வேலை போய்விட்டது. இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவளை வழியனுப்ப, மெட்ரோ இறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன். மூட்டையை என்னைத் தூக்கவிடவில்லை. பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "நானும் ரூமை விட்டுட்டு வந்துடறேன். இந்த மாசக் கடைசியோட," என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். ஜங்புரா எனக்குப் பொருந்திப்போனதுதான் என் வேதனை. அந்த மாடி, அந்த வேப்பமரம், ஆபீசுக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேர மெட்ரோப் பயணம், எழுந்து நிற்கும் அந்தப் பிள்ளைகள், எல்லாமே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் இல்லாமல் அது எனக்குப் பிடித்திருப்பதை நினைத்தால் அழுகைதான் வருகிறது. பஸ் ஸ்டாப்பிலும் அழுதேன்.

"வராத," என்றாள் அம்மா. "ஆபீஸ் போக ஒனக்கு இதான் சரி." தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். "இந்த ஊர்ல எத்தினி வூடு தொடச்சிருப்பேன் சொல்லு. ஒரு வூட்டுக்காச்சும் விருந்தாளியா போயிருக்கனா? நீ இரு. ஜங்புராவுல எனுக்குன்னு வந்து போவ ஒரு வூடு இருக்கட்டும். ஞாயித்துக்கெழம வரேன். முன்படியில ஏறி வரேன், பாரு."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, கையை வெளியே நீட்டிப் போ போ என்று என்னைத் துரத்தினாள்.

மூன்று மாதம் ஆகப்போகிறது. சனிக்கிழமைதோறும் போன் செய்து நாளைக்கு வா என்கிறேன். ஒரு வாரம் முட்டி வலி என்கிறாள், ஒரு வாரம் ஃபேக்டரியில் லீவு இல்லை என்கிறாள், போன வாரம் வெயில் தணியட்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான்தான் மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறி நரேலாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அம்மா இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை.